ஆடும் எண்

யசோதாவிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தபோது நல்லசிவத்துக்கு வயது நாற்பத்தேழு. யசோதா அவரைவிடப் பத்து வயது சிறியவர்.

நல்லசிவம் பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். கோபமாகப் போன் செய்கிற வாடிக்கையாளரை அங்கே அவரிடம்தான் தள்ளிவிடுவார்கள். பேசி முடிக்கையில் அந்த ஆள் சிரித்துக்கொண்டே போனை வைப்பார். அந்தக் கம்பெனி ஒருநாள் ஆட்களைக் குறைத்தது. சமாதானம் பேசுகிறவருக்கும் சேர்த்துத்தான் கணக்கு முடித்தார்கள். அவர் சொந்த ஊரான ஈரோட்டுக்கே திரும்பிவந்தார்.

ஆலைகளுக்கு அளவுக் கருவிகள் பொருத்திக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றை யசோதா அங்கே நடத்திக்கொண்டிருந்தார். நல்லசிவம் அவர் முன்னால் போய் நின்றார்.

"கம்ப்யூட்டர் பக்கம் எனக்குத் தெரியும் மேடம். கருவி பக்கம் ஒண்ணும் தெரியாது. கத்துக் குடுப்பீங்களா?"

"கத்துக்கலாம்ங்க சார். கொஞ்ச நாளைக்கு அந்தக் கம்ப்யூட்டரை மறந்துட்டு வாங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஸ்பேனர் பிடிக்கக் கற்றார். கம்பி உரிக்கக் கற்றார். யசோதா அதிகம் பேசமாட்டார். ஏதாவது கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. வேறு ஒரு வேலை வரும். அந்த வேலையை முடிக்கும்போது, கேட்டதற்கான பதில் கையில் இருக்கும். அவரை வெளியே மேடம் என்று கூப்பிட்டாலும் நல்லசிவத்தின் மனசுக்குள் இருந்த வார்த்தை குரு.

பெருந்துறைப் பக்கம் துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலை ஒன்று. அங்கே விறகு எரிக்கிற ஒரு பெரிய பாய்லர். அதில் இருந்த கருவிகள் எல்லாம் பழையவை. நீராவி அழுத்தம் எவ்வளவு, பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்பதையெல்லாம் ஒவ்வொரு கருவியும் இரண்டு கம்பி வழியாகச் சின்ன மின்னோட்டமாக அனுப்பும். அளவு ஏறினால் மின்னோட்டம் ஏறும், இறங்கினால் இறங்கும். அவற்றுக்குத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான்.

ஆலை புதிதாக வாங்கியிருந்த கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்தப் பேச்சு புரியாது. அதற்கு எல்லாமே எண்ணாக வேண்டும், நெட்வொர்க் வழியாக, அதற்கென்று இருக்கிற ஒழுங்கில் வேண்டும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒரு பெட்டி வைக்க வேண்டியிருந்தது. கேட்வே என்பார்கள். இந்தப் பக்கம் மின்னோட்டத்தைக் கேட்டு, அந்தப் பக்கம் எண்ணாகச் சொல்வது அதன் வேலை.

"இது முழுக்க உங்க வேலை சார்" என்றார் யசோதா. "எனக்குக் கரூர்ல வேலை இருக்கு. முடிச்சுட்டுச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை நல்லசிவம் முடித்தார். கம்பிகளை இழுத்தார், பெட்டியைப் பொருத்தினார், கம்ப்யூட்டரோடு பேசவைத்தார். கட்டுப்பாட்டு அறைத் திரையில் எண்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்று எழுந்தபோது அவருக்குக் கண் கலங்கியது. பெங்களூரில் அவர் எழுதிய எதையும் அவர் கையால் தொட்டதில்லை.

ஒரே ஒரு எண் மட்டும் நிற்கவில்லை.

"சார், இந்தத் தண்ணி நம்பர் ஆடிட்டே இருக்குதுங்க" என்றார் கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர் மோகனசுந்தரம். பாய்லருக்குள் போகும் தண்ணீரின் அளவு அது. மேலே போகும், திடீரென்று விழும், மறுபடி எழும். விழுகிற ஒவ்வொரு தடவையும் தண்ணீர் குறைவு என்று மணி அடித்தது. மோகனசுந்தரம் எழுந்துபோய் மணியை நிறுத்திவிட்டு வந்து உட்காருவார். உட்கார்ந்ததும் அடிக்கும்.

"முன்னாடி முள்ளு மீட்டர்ல எப்படிங்க இருந்துச்சு?"

"அது கீழ பாய்லர் பக்கத்துல இருந்துச்சு. யாருங்க பாத்தா? மேனேஜர் வந்து இதைப் பாத்தாருன்னா என்னைத்தான் கேப்பாரு. ஏதாச்சும் பண்ணுங்க சார்."

நல்லசிவத்துக்கு இது பழகின வேலை. கேட்வேக்குள் ஃபில்டர் என்று ஒரு வசதி இருந்தது. வருகிற அளவை அப்படியே அனுப்பாமல், கொஞ்ச நேரத்துக்கான சராசரியை எடுத்து அனுப்பும். அதைப் போட்டார். எண் ஆட்டத்தைக் குறைத்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினார். எண் நின்றது. மணி அடங்கியது.

மோகனசுந்தரம் நாற்காலியில் சாய்ந்து கால் நீட்டிக்கொண்டார். ஆலை மேலாளர் லோகநாதன் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, கிணத்துத் தண்ணியாட்டம் நிக்குதே" என்றார். எல்லோருக்கும் டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் யசோதா போனில் கூப்பிட்டார். நல்லசிவம் நடந்ததை எல்லாம் சொன்னார். ஆடின எண்ணை நிறுத்தியதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை ஏறியது.

"ஏன் ஆடுச்சு?" என்றார் யசோதா.

"சத்தம் மேடம். சிக்னல்ல வர்ற வெறும் சத்தம்."

"யாரோட சத்தம்?"

நல்லசிவம் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். "ஆட்டத்தைக் குறைக்கிறது தப்புங்களா மேடம்?" என்று கேட்டார்.

"பாய்லர் இப்ப ஓடுதா?"

"இல்லைங்க. நிறுத்திட்டாங்க. இனி திங்கக்கிழமை காலையிலதான் பத்தவைப்பாங்க."

"அப்ப நாளைக்கு வீட்டுக்குச் சாப்பிட வாங்க."

*

சூரம்பட்டியில் யசோதாவின் வீடு. கதவைத் திறந்தவர் அவருடைய அப்பா மாரப்பன். பிறந்ததிலிருந்தே காது கேட்காதவர், பேச்சும் வராது. விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். தறி ஓடும்போது அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது, அதனால் அந்தக் கூடம் முழுக்க அப்பாவின் கைப்பேச்சுதான் செல்லுபடியானது என்று யசோதா முன்பு ஒருதரம் சொல்லியிருந்தார்.

மாரப்பன் விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினார். நல்லசிவத்துக்குப் புரிந்த ஒரே வார்த்தை அதுதான். இன்னும் இல்லை என்று தலையசைத்தார்.

இலை போடுவதற்குள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவர் மாரப்பனின் தம்பி சென்னியப்பன். கையில் வெற்றிலை பாக்கு வைத்த தட்டு. அதன்மேல் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. அவருடைய மகனுக்குக் கல்யாணம்.

குடும்ப விஷயம் என்று தெரிந்ததும் நல்லசிவம் எழுந்தார். "நான் அப்புறமா வர்றேன் மேடம்."

"உக்காருங்க சார்" என்றார் யசோதா.

உட்கார்ந்தார்.

சென்னியப்பன் தட்டை நீட்டினார். மாரப்பன் வாங்கவில்லை. யசோதா ஒரு முக்காலியை இழுத்து, இரண்டு பேருக்கும் தன் முகம் தெரிகிற மாதிரி நடுவில் போட்டு உட்கார்ந்தார். மாரப்பனின் கைகள் எழுந்தன.

"நிச்சயத்துக்கு ஏன் என்னைக் கூப்பிடல?" என்றார் யசோதா.

நல்லசிவம் ஒரு நொடி குழம்பினார். பேசியது மாரப்பன் என்று பிறகுதான் உறைத்தது.

"அவசரத்துல வச்சதுன்னு சொல்லு அம்மிணி. சொந்தத்துல யாரையுமே கூப்பிடலைன்னு சொல்லு."

யசோதா கையால் சொன்னார். மாரப்பன் திருப்பிச் சொன்னார்.

"நம்ம பங்காளி நாச்சிமுத்து வந்திருந்தான். அவன் பொண்டாட்டி வந்திருந்தா. உன் பக்கத்து வீட்டுக்காரனும் வந்திருந்தான்."

சென்னியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அட, அதை எப்படிச் சொல்றது? பொண்ணு வீட்டுக்காரங்க பெரிய இடம். சபையில வச்சு அண்ணன் கையைக் கையை ஆட்டுனா என்ன நெனைப்பாங்க? ஊமையனைக் கொண்டாந்து முன்னால உக்கார வச்சுட்டு..." பாதியில் நிறுத்தினார். "இதை அண்ணங்கிட்டச் சொல்லிராத அம்மிணி."

யசோதாவின் கைகள் நிற்கவில்லை. ஊமையன் என்ற இடத்தில் இரண்டு விரலால் வாய்மேல் ஒரு கோடு இழுத்தார். கடைசியில் சித்தப்பாவைச் சுட்டிக்காட்டி, உதட்டில் விரலை வைத்து, தலையை இடவலமாக அசைத்தார்.

"இப்ப என்ன சொன்னே?" என்றார் சென்னியப்பன்.

"நீங்க சொன்னதைச் சொன்னேன் சித்தப்பா. சொல்லாதேன்னு சொன்னதையும் சொன்னேன்."

சென்னியப்பனின் முகம் வெளிறியது. நல்லசிவம் தரையைப் பார்த்துக்கொண்டார். அந்த முக்காலியில் தான் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று அவருக்குள் வாக்கியம் தயாராகிக்கொண்டிருந்தது. தம்பிக்கு மனசு சரியில்லை, விட்டுப்போச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. அவ்வளவு போதும். இந்நேரம் பத்திரிகை கைமாறியிருக்கும், எல்லோரும் இலை முன்னால் இருந்திருப்பார்கள்.

மாரப்பனின் கைகள் வேகமெடுத்தன. ஒரு உள்ளங்கை மற்றதில் படாரென்று மோதியது. யசோதாவின் குரலும் அதே அளவுக்கு ஏறியது.

"உன் பையனுக்குக் காய்ச்சல் வந்து கண்ணு சொருகிப் போனப்ப, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனது இந்தக் கைதான். அப்ப இது ஊமையன் கைன்னு உனக்குத் தெரியலையா?"

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. யாரும் எழவில்லை.

"தெரியும்" என்றார் சென்னியப்பன். குரல் உள்ளே போயிருந்தது. "எல்லாம் தெரியும்ணா. வெக்கமா இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல."

யசோதா அதையும் கையால் சொன்னார். வெட்கம் என்ற சைகையை முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மாரப்பனின் கைகள் மெதுவாக நகர்ந்தன. யசோதாவும் மெதுவாகச் சொன்னார்.

"இன்னிக்குத்தான் நீ எங்கிட்டப் பேசறே. இத்தனை வருஷமா சாப்பிட்டியா, நல்லா இருக்கியா. அதுக்கு மேல எங்கிட்ட என்ன பேசியிருக்கே?"

சென்னியப்பன் துண்டை மடித்துத் தோளில் போட்டார்.

"கல்யாணத்துக்கு வருவேன். முன் வரிசையில உக்காருவேன். கையை ஆட்டுவேன்."

சென்னியப்பன் எழுந்தார். தட்டை அந்த இடத்திலேயே வைத்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். சாப்பிடச் சொல்லி யசோதா கூப்பிட்டும் நிற்கவில்லை. ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

மாரப்பன் பத்திரிகையை எடுத்து, மாப்பிள்ளையின் பெயர்மேல் விரலை ஓட்டிப் படித்தார். பிறகு கை கழுவிவிட்டு வந்து இலை முன்னால் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். நல்லசிவத்துக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"கொஞ்சம் பதமாச் சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார் கடைசியில்.

யசோதா அப்பாவின் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கையால் சொன்னார்.

"ஐயோ, அவர்கிட்ட எதுக்குங்க?"

அதையும் சொன்னார். மாரப்பன் முதல்முறையாகச் சிரித்தார். வலதுகையில் சோறு ஒட்டியிருந்ததால் இடதுகையால் பேச ஆரம்பித்தார். போதவில்லை. வலதுகையையும் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு அக்கா இருந்தா" என்றார் யசோதா, அப்பாவின் விரல்களைப் பார்த்தபடி. "சின்ன வயசுல எனக்கு எல்லாமே அவதான் சொல்லுவா. யார் என்ன பேசினாலும் அவ கேட்டுட்டு வந்து கையில சொல்லுவா. எல்லாரும் எங்கிட்டப் பிரியமா இருந்தாங்க. டீக்கடைக்காரர் பிரியமா இருந்தார். தறி முதலாளி பிரியமா இருந்தார். அக்கா கல்யாணமாகிப் பவானிக்குப் போனா. அவ போன உடனே ஊரே மாறிப் போச்சு."

மாரப்பன் ஒரு வாய் சோறு எடுத்து மென்று விழுங்கினார்.

"நான் என்ன தப்புப் பண்ணினேன்னு ரொம்ப நாள் யோசிச்சுட்டு இருந்தேன்."

நல்லசிவம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரசம் ஊத்திக்கங்க சார்" என்றார் யசோதா. அன்று கேட்வேயைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

*

திங்கட்கிழமை பாய்லரைப் பற்றவைக்கும் முன்பே நல்லசிவம் ஆலையில் இருந்தார். கேட்வேயைத் திறந்து, போட்டிருந்த ஃபில்டரை முழுவதுமாக எடுத்தார். யாரும் அவரை எடுக்கச் சொல்லவில்லை.

தீ ஏறியது. நீராவி ஏறியது. துணி ஏற்றின இயந்திரங்கள் ஓட ஆரம்பித்தன. தண்ணீர் எண் துள்ள ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை விழுந்ததைவிட இப்போது ஆழமாக விழுந்தது. மணி அடித்தது.

"மறுபடியும் ஏனுங்க சார்?" மோகனசுந்தரம் அழாத குறை. "நல்லா இருந்ததைப் போய்..."

நல்லசிவம் திரையைவிட்டு எழுந்து கீழே இறங்கிப்போனார். பாய்லர்காரர் பொங்கியண்ணன் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். தண்ணீர் பம்ப் அவருக்குப் பின்னால், சுவரோரம் இருந்தது. நல்லசிவம் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்தார். குழாய் நடுங்கியது. ஒரே சீரான நடுக்கம் இல்லை. நடுங்கும், அடங்கும், உதறும். குனிந்து காதைப் பம்ப் பக்கம் கொடுத்தார். உள்ளே யாரோ கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் வந்தது.

"இது எப்பவும் இப்படித்தான் கத்துமுங்களா?"

"புதுப் பம்புங்க" என்றார் பொங்கியண்ணன். "புதுசு இப்படித்தான் இருக்குமாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன்."

நல்லசிவம் வெளியே வந்து யசோதாவுக்குப் போன் செய்தார்.

"மேடம், அது வெறும் சத்தம் இல்லைங்க. பம்புக்குத் தண்ணி சரியா வரல. காத்தை இழுத்து இழுத்து விடுது."

"வர்றேன்" என்றார் யசோதா.

அவர் வந்து சேர்ந்தபோது நல்லசிவம் மேலாளர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பாய்லரை நிறுத்த வேண்டும் என்று கேட்டிருந்தார். லோகநாதனின் குரல் அறைக்கு வெளியே கேட்டது.

"உள்ள துணி ஓடிட்டு இருக்குதுங்க. இப்ப நிறுத்துனா அத்தனை துணியிலயும் சாயம் திட்டுத் திட்டா நிக்கும். ஏற்றுமதிச் சரக்கு. நீங்களா வந்து பதில் சொல்லப் போறீங்க?" யசோதாவைப் பார்த்ததும் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேடம். நிறுத்தியே ஆகணுமா?"

"இது அவர் வேலைங்க. அவரையே கேளுங்க."

லோகநாதன் மறுபடி நல்லசிவத்தைப் பார்த்தார். "ரெண்டு நாளா நல்லாத்தானே இருந்துச்சு? காலையில வந்து நீங்க என்னமோ பண்ணுனீங்க, இப்ப ஆடுது. உங்க பெட்டியில கோளாறா, எங்க பம்புல கோளாறா?"

நல்லசிவத்துக்கு இந்த நிமிஷத்தைத் தாண்டும் வழி தெரியும். பெங்களூரில் எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறார். ரெண்டையும் சேர்த்தே பார்த்துடலாம் சார், நீங்க ஓட்டிட்டு இருங்க, சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறோம். லோகநாதன் அமைதியாகிவிடுவார். எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். கீழே பாய்லர் முன்னால் பொங்கியண்ணன் விறகு தள்ளிக்கொண்டிருப்பார்.

"நல்லா இல்லைங்க" என்றார். "வெள்ளிக்கிழமையே ஆடிட்டுத்தான் இருந்துச்சு. நான்தான் சராசரி போட்டு நிக்க வச்சேன். நீங்க பாத்தது தண்ணி இல்லைங்க. நான் பண்ணுனது. பம்புக்குத் தண்ணி வர்றது குறைஞ்சிட்டே இருக்கு. நின்னுபோச்சுன்னா கீழ தீ எரியும், மேல தண்ணி இருக்காது."

லோகநாதனின் முகம் சிவந்தது. திட்டினார். நல்ல கெட்டியான திட்டு. நல்லசிவம் குறுக்கே பேசவில்லை. திட்டி முடித்ததும் லோகநாதன் போனை எடுத்து, "நிறுத்துங்கடா" என்றார்.

எரிகிற விறகை வெளியே இழுத்துவிட்டு, பாய்லர் தணியும்வரை காத்திருந்து, பம்புக்கு முன்னால் குழாயில் இருந்த சல்லடையைக் கழற்றினார்கள். பொங்கியண்ணன்தான் இழுத்து எடுத்தார். சல்லடை முழுக்கப் பனியன் வேஸ்ட் என்கிற கழிவுத் துணி அடைத்திருந்தது. புதுப் பம்ப் வைத்தபோது தண்ணீர்த் தொட்டியைத் துடைத்த யாரோ துணியை உள்ளேயே விட்டுவிட்டிருந்தார்கள். அது நூல் நூலாகப் பிரிந்து வந்து அடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. தண்ணீர் வர ஒரு ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்குத்தான் இடம் மிச்சம்.

பொங்கியண்ணன் அந்த ஈரக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பாய்லரின் வாயைப் பார்த்தார். தான் தினமும் நிற்கிற இடத்தைப் பார்த்தார். பிறகு விறகுக் குவியல்மேல் உட்கார்ந்துகொண்டார். மோகனசுந்தரம் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றைக்குக் கொஞ்சம் துணி வீணானது. லோகநாதன் சாயங்காலம் வரைக்கும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீயும் வரவில்லை, பஜ்ஜியும் வரவில்லை.

சல்லடையைக் கழுவி மாட்டி, மறுபடி பாய்லரைப் பற்றவைத்தார்கள். தண்ணீர் எண் எழுந்து அதன் இடத்துக்கு வந்தது. இப்போது விழவில்லை. ஆனாலும் கடைசி இலக்கம் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

"சார், கோவிச்சுக்காதீங்க" என்றார் மோகனசுந்தரம். "இந்தச் சின்ன அசைவையாச்சும்..."

நல்லசிவம் யசோதாவைப் பார்த்தார்.

யசோதா கீழே போனார். குழாய்மேல் கை வைத்து நின்றார். திரும்பி வந்தார்.

"போடுங்க சார். கொஞ்சமாப் போடுங்க. போட்டிருக்கோம்னு திரையிலயே தெரியற மாதிரி போடுங்க."

*

திரும்பும்போது நல்லசிவத்தின் காரில் வந்தார்கள். வெயில் இறங்கியிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் வேலைவிட்டுப் போகிறவர்களின் சைக்கிள்களும் கம்பெனிப் பஸ்களும்.

யசோதாவின் போன் அடித்தது. பையிலிருந்து ஒரு கருவியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்ததால் போனை மடியில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"அம்மிணி, நான் சித்தப்பா பேசறேன்."

"சொல்லுங்க சித்தப்பா."

"வீட்டுல பேசுனோம். பையனே சொல்லிட்டான், பெரியப்பா வராம எனக்குக் கல்யாணம் வேண்டாம்னு." சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். "முன் வரிசை சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு. அதை ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டாவது வரிசை. கையை ஆட்டிக்கட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சரிங்க சித்தப்பா."

"ரெண்டாவது வரிசைன்னு நீ இப்பப் போய்ச் சொல்லிட்டு இருக்காதே. வரச் சொல்லு, போதும். மண்டபத்துக்கு வந்துட்டா நான் பாத்துக்கறேன்."

"வச்சிடறேன் சித்தப்பா."

கார் கொஞ்ச தூரம் போனது.

"அப்பாகிட்ட என்ன சொல்லப் போறீங்க மேடம்?"

"பையன் சொன்னதைச் சொல்லணும். ரெண்டாவது வரிசைங்கறதைச் சொல்லணும். அதைச் சொல்ல வேண்டாம்னு சித்தப்பா சொன்னதைச் சொல்லணும்."

"இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்காருங்க. ரெண்டாவது வரிசைன்னதும் உங்கப்பா கோவிச்சுட்டு வரமாட்டேன்னுட்டா?"

யசோதா துடைத்த கருவியைப் பைக்குள் வைத்து மூடினார்.

"என்ன பண்ணுவார்னு எனக்குத் தெரியாதுங்க சார். அதனாலதான் சொல்லணும்."